சபை சொன்ன வரம்

தம்பி பெண்டாட்டியின் கீழுதட்டில் ஊசியை இறக்கும்போது நர்சக்கா அவள் கண்ணைப் பார்க்கவில்லை. வண்டி மோதிக் கிழிந்தது, நாய் கடித்துக் கிழிந்தது, குடித்துவிட்டு ஒருத்தரை ஒருத்தர் பாட்டிலால் கிழித்துக்கொண்டது என்று அந்த க்ளினிக்கின் பின்னறைக்கு வராத கிழிசல் கிடையாது. எல்லாவற்றையும் தைத்து அனுப்பியவள் அவள். ஆனால் இந்த உதட்டைக் கிழித்தவன் அவள் இடுப்பில் தூக்கி வளர்த்த தம்பி.

தம்பி பெண்டாட்டி பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவள். அதனால் சபையில் அவளுக்கு வேன்காரி என்றே பெயர். கண்ணை மூடாமல், முனகாமல், மேலே சுழலும் விசிறியைப் பார்த்தபடி படுத்திருந்தாள். நூலை வெட்டியதும் எழுந்து உட்கார்ந்தாள். எதால் அடித்தான் என்று நர்சக்கா கேட்டதற்கு, டயர் கழற்றும் லீவரால் என்றாள். ஏன் என்று கேட்டதற்கு, சிரித்தேன் என்றாள்.

"அடுத்த தடவ கொன்னுடுவாரு அண்ணி," என்றாள் வேன்காரி, வீங்கிய உதட்டால் மெதுவாக. "பயத்துல சொல்லல. அவர் கண்ணப் பாத்துட்டுச் சொல்றேன். ஸ்தோத்திரம் சொல்லிக்கிட்டே கொல்லுவாரு."

போலீசுக்குப் போகலாம் என்று சொல்ல வேண்டியதுதானே நர்சக்கா? சொல்லவில்லை. அதைச் சொன்னதே வேன்காரிதான். உடனே அவளே, போனால் சபையில் ஒருத்தரும் சாட்சிக்கு வரமாட்டார்கள், அவளுக்குள் இருக்கிற ஆவிதான் அவளைப் போலீசுக்குப் போக வைத்தது என்பார்கள் என்றும் சொன்னாள். நர்சக்கா அவள் கையைப் பிடித்துக்கொண்டு, கொஞ்சம் பொறு, நான் போட்ட முடிச்சை நானே அவிழ்க்கிறேன் என்று கெஞ்சினாள். வேன்காரி அவளை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். சரி என்று தலையாட்டினாள்.

முடிச்சு என்றால் சாதாரண முடிச்சா அது!

குளிர்பானக் கிடங்காக இருந்த தகரக் கூரைக் கட்டடம்தான் அவர்கள் சபை. முன்பக்கம் மேடை, மேடைக்கு முன்னால் தரையைத் தோண்டிக் கட்டிய ஞானஸ்நானத் தொட்டி, அதன் மேல் பலகை மூடி. போதகர் நல்ல மனிதர், ஆனால் யார் எதைச் சொன்னாலும் 'ஜெபிப்போம்' என்பார். ஆவிக்குரிய வரங்களைப் பற்றிச் சபையாருக்கு வகுப்பெடுக்க வேண்டும் என்று அவருக்கு ஆசை வந்தது. நர்சக்காவுக்கு ஒளிவுமறைவு இல்லாத பேச்சு, ஆகவே பொறுப்பு அவள் தலையில் விழுந்தது.

முதல் வகுப்பிலேயே கூத்து. யாருக்கு என்ன வரம் என்று தெரியுமா என்று கேட்டாள். பாதிப் பேர் தீர்க்கதரிசனம் என்றார்கள், மீதிப் பேர் குணமாக்கும் வரம் என்றார்கள். அப்படியானால் சபைக் கழிவறையைக் கழுவுகிற வரம் யாருக்கு என்று அவள் கேட்டபோது எல்லோரும் கூரையைப் பார்த்தார்கள். அன்றைக்கே அவள் ஒரு சட்டம் போட்டாள். தன் வரத்தைத் தானே சொல்லிக்கொள்ளக் கூடாது. ஒருத்தரை நடுவில் நாற்காலி போட்டு உட்கார வைக்க வேண்டும், சுற்றி இருப்பவர்கள் அவரிடம் கண்டதைச் சொல்ல வேண்டும். சபை ஒருமனதாகச் சொல்லிவிட்டால் அதை எந்தத் தனி ஆளும் மறுக்கக் கூடாது. வகுப்பெடுக்கிறவள் மட்டும் வாயைத் திறக்கக் கூடாது.

உள்ளபடி சொன்னால் நல்ல சட்டம்தான். பெருமை பேசியவர்கள் அடங்கினார்கள், மூலையில் கிடந்தவர்கள் நிமிர்ந்தார்கள். பேக்கரிக்காரர் என்று ஒருத்தர், ஆள் மலை மாதிரி இருப்பார், பேச்சு வராது. அவரை நடுவில் உட்கார வைத்து, உங்களுக்கு உபசரிக்கிற வரம் இருக்கிறது, உங்கள் கடைக்கு வந்த யாரும் பசியோடு திரும்பியதில்லை என்று ஆளாளுக்குச் சொன்னபோது மனிதர் குலுங்கிக் குலுங்கி அழுதார். அதைப் பார்த்து நர்சக்காவுக்கும் கண் கலங்கியது. தான் ஏதோ பெரிய காரியம் செய்துவிட்டதாக நினைத்துக்கொண்டாள், பாவம்.

பிறகு அவள் தம்பியின் முறை வந்தது.

அவனை எல்லோரும் டயர்க்காரன் என்பார்கள். முக்குத் திருப்பத்தில் பஞ்சர் கடை. அவனிடம் என்ன நல்லதைச் சொல்வது? மூக்குக்கு மேல் கோபம். காற்று கம்மியாக இருக்கிறது என்று சொன்ன வாடிக்கையாளரைச் சட்டையைப் பிடித்து உலுக்கியவன். யார் எதற்குச் சிரித்தாலும் தன்னைப் பார்த்துத்தான் சிரிக்கிறார்கள் என்று நினைப்பவன். நாற்காலியில் உட்கார்ந்தான். ஒருத்தரும் பேசவில்லை. விசிறி சுற்றியது, யாரோ இருமினார்கள், அவன் காது மடல் சிவந்துகொண்டே வந்தது. சின்ன வயதில் விளையாட்டில் யாரும் சேர்த்துக்கொள்ளாமல் சுவரோரம் நிற்பானே, அதே முகம். நர்சக்காவுக்குப் பெற்ற வயிறு மாதிரி எரிந்தது. அவள் போட்ட சட்டத்தை அவளே மீறினாள்.

"இவனுக்கு ஆவிகளைப் பகுத்தறியிற வரம் இருக்குன்னு எனக்குத் தோணுது," என்றாள். "செருப்பு திருட வந்தவன இவன்தானே மொதல்ல கண்டுபிடிச்சான்?"

அவ்வளவுதான், எல்லோருக்கும் மூச்சு வந்தது. ஆமாம் ஆமாம் என்றார்கள். டியூபைத் தண்ணீரில் முக்கினால் ஓட்டை எங்கே என்று தெரிகிற மாதிரி, ஆளைப் பார்த்ததும் உள்ளே இருக்கிறது இவருக்குத் தெரிந்துவிடுகிறது என்று பேக்கரிக்காரர் வாய் திறந்து சொன்னார். ஆமென் என்றது கூடம். அந்த ஆமெனுக்கு நடுவில்தான் வேன்காரி சிரித்தாள். வேண்டுமென்று சிரிக்கவில்லை. அவன் சந்தேகத்தோடு தினமும் குடும்பம் நடத்துகிறவளுக்கு அதற்கு வரம் என்று பெயர் வைத்ததும் மூக்கு வழியாக வந்துவிட்டது. அவன் திரும்பிப் பார்த்தான். எல்லாம் அங்கேயே ஆரம்பித்துவிட்டது.

முதலில் அடி வாங்கியவன் அவன் கடை வேலையாள். கண்ணில் ஏதோ ஆவி தெரிகிறது என்று ரப்பர் சுத்தியலால் வாயிலேயே போட்டான். இரண்டு முன்பல்லும் டியூப் சோதிக்கிற தொட்டிக்குள் விழுந்தன. பிறகு அந்த வேலையாள் வேலை நேரத்தில் குடிக்கிறவன் என்று தெரியவந்தது. பார்த்தீர்களா, வரம் வேலை செய்கிறது என்றார்கள் சபையார். உடைந்த பல்லைப் பற்றி ஒருத்தரும் பேசவில்லை.

அடுத்து, பிரசங்கத்தில் தூங்கி விழுந்த ஒரு கிழவரைப் பளாரென்று அறைந்தான். தூக்க ஆவியாம். கிழவரின் கண்ணாடி பறந்து போய் உடைந்தது, காதில் ரத்தம். சிலர் சிரித்தார்கள். அதற்குப் பிறகு சபையில் யாரும் தூங்கவில்லை. போதகருக்குக்கூட உள்ளூரச் சந்தோஷம்தான், சொல்லிக்கொள்ளவில்லை. ஒவ்வொரு அடிக்கும் ஒரு ஆமென் விழ விழ, அவன் கை நீண்டுகொண்டே போனது.

வீட்டில் கேட்கவே வேண்டாம். வேன்காரி போனில் பேசினால் ஆவி, பேசாவிட்டாலும் ஆவி. பெல்ட்டால் அடித்தான், சூடான இஸ்திரிப் பெட்டியைத் தோளில் வைத்தான். கடைசியில் லீவர். சிரிக்கிற ஆவி என்று அதற்குப் பெயரே வைத்துவிட்டான்.

தைத்த மறுநாள் நர்சக்கா கடைக்குப் போனாள். அவன் ஒரு லாரி டயரைத் தரையில் போட்டுச் சம்மட்டியால் அறைந்துகொண்டிருந்தான். அவள் நயமாகச் சொன்னாள், அதட்டிச் சொன்னாள், செத்துப்போன அம்மாவை இழுத்துச் சொன்னாள். அவன் சம்மட்டியை நிறுத்தவே இல்லை. கடைசியில், உனக்கு அப்படி எந்த வரமும் கிடையாது, அன்றைக்கு உன் மூஞ்சியைப் பார்க்கச் சகிக்காமல் சொல்லிவிட்டேன் என்றாள். சம்மட்டி அவள் கால் விரலுக்குப் பக்கத்தில் வந்து விழுந்தது. சிமெண்டுத் தரை தெறித்தது.

"சபை சொன்னத ஒரு ஆள் மறுக்கக் கூடாது. யார் போட்ட சட்டம் அது? அக்காங்கறதால விடறேன். போயிரு."

போதகரிடம் ஓடினாள். அவர் எல்லாவற்றையும் கேட்டு, கண் கலங்கி, சனிக்கிழமை உபவாச ஜெபத்துக்கு இரண்டு பேரும் வரட்டும், சபையாகச் சேர்ந்து ஜெபிப்போம், ஆண்டவர் சமாதானம் தருவார் என்றார். நர்சக்கா ஒரு கணக்குப் போட்டாள். சபை கொடுத்ததைச் சபை நடுவில் வைத்துத்தான் பிடுங்க வேண்டும். எல்லோரும் கூடியிருக்கும்போது மைக்கைப் பிடித்து, வகுப்பில் சொன்னது தப்பு என்று சொல்லிவிடலாம். அத்தனை பேருக்கு முன்னால் அவன் கை ஓங்க மாட்டான்.

வேன்காரிக்கு வர மனமே இல்லை. நர்சக்காதான் வற்புறுத்தினாள். "சபைக்கு நடுவுல உன்மேல ஒரு விரல் படாது. நான் இருக்கேன்ல?" என்றாள். இப்படியும் ஒரு வார்த்தையை ஒருத்தி சொல்வாளா!

சனிக்கிழமை நண்பகல். தகரக் கூரை கொதித்தது. கதவைச் சாத்தியிருந்தார்கள், உபவாசத்தில் வாய் காய்ந்த முகங்கள். உள்ளே நுழைந்ததுமே நர்சக்கா தொட்டியைப் பார்த்தாள். ஞானஸ்நானத் தொட்டியின் பலகைகளை எடுத்துச் சுவரோரம் சாத்தி வைத்திருந்தார்கள். தொட்டி நிறையத் தண்ணீர். இன்றைக்கு ஞானஸ்நானம் யாருக்கு என்று பக்கத்தில் நின்றவளைக் கேட்டாள். அவளுக்குத் தெரியவில்லை.

பாட்டு ஆரம்பித்தது, டிரம்ஸ் அடித்தது. டயர்க்காரன் வேன்காரியின் பின்னங்கழுத்தைப் பிடித்து முன்னால் நடத்திக்கொண்டு போனான். ஜெபத்துக்கு முழங்காலில் நிறுத்தப் போகிறான் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். தொட்டியின் விளிம்பில் அவள் கால் ஊன்றி நின்றுகொண்டாள். அவன் அவள் முதுகில் உதைத்தான். விழுந்தவளோடு தானும் இறங்கினான்.

"உள்ள இருக்கறது தண்ணிக்குள்ள தெரிஞ்சுடும்," என்று சத்தமாகச் சொன்னான். "முக்கினா தெரியும். எல்லாரும் பாடுங்க."

தலைமயிரைச் சுற்றிப் பிடித்து அமுக்கினான். முதல் தடவை எழுந்தபோது அவள் வாயைத் திறந்து கத்தினாள், உதட்டுத் தையல் பிய்ந்து தண்ணீரில் ரத்தம் பரவியது. பார், ஆவி கத்துகிறது என்றான். போதகர் கையை உயர்த்திக் கண்ணை மூடி ஜெபித்துக்கொண்டிருந்தார். சபை இன்னும் உரக்கப் பாடியது. அந்தக் கத்தல் காதில் விழாமல் இருக்கத்தான் அவ்வளவு சத்தமாகப் பாடினார்கள் என்று நர்சக்காவுக்கு அந்த நொடியில் விளங்கியது. அவள் மேடைக்குத் தாவினாள், பாடிக்கொண்டிருந்தவளிடமிருந்து மைக்கைப் பிடுங்கினாள்.

"நிறுத்துங்க! அவனுக்கு வரம் கிடையாது. என் தம்பிங்கற பாசத்துல நான் வாய்க்கு வந்தத சொன்னேன். அவளக் கொல்றான், பாத்துக்கிட்டு நிக்கிறீங்களே!"

பாட்டு ஒரு கணம் தடுமாறியது. டயர்க்காரன் அமுக்கிய கையை எடுக்காமலே தலையைத் திருப்பி, அக்காவுக்குள்ளும் அது போய்விட்டது, பிடியுங்கள் என்றான். பேக்கரிக்காரர் அவளைப் பின்னாலிருந்து கட்டிப் பிடித்தார். இன்னொருத்தன் காலைப் பிடித்தான். பேக்கரிக்காரர் அழுதுகொண்டே பிடித்தார் என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

"அக்கா, வேணாம்க்கா," என்றார் அவள் காதில். "சபை சொன்னத ஒருத்தர் மட்டும் மறுக்கக் கூடாதுன்னு நீங்கதானேக்கா சொல்லிக் குடுத்தீங்க."

அவள் திமிறினாள். வருஷக்கணக்காக மாவு பிசைந்த கை அது. அவள் இடது மணிக்கட்டை அவர் முறுக்கிப் பிடிக்க, அது படக்கென்று முறிந்தது. வலி தோள் வரை ஏறிக் கண் இருட்டியது. தொட்டியில் வேன்காரியின் கைகள் முதலில் தண்ணீரை அடித்தன, பிறகு மெதுவாக அசைந்தன, பிறகு அசையவில்லை. மூச்சில்லாமல் ஒரு உடம்பு எவ்வளவு நேரம் தாங்கும் என்று அந்தக் கூடத்தில் நர்சக்காவுக்கு மட்டும்தான் தெரியும்.

குனிந்து பேக்கரிக்காரரின் கையைக் கடித்தாள். பல் சதைக்குள் இறங்கி எலும்பில் நிற்கும் வரைக்கும் கடித்தாள். அவர் அலறிக்கொண்டு விட்டார். காலைப் பிடித்தவனின் மூக்கில் குதிகாலால் உதைத்தாள். மைக் ஸ்டாண்டின் அடியில் கனத்த இரும்புத் தட்டு இருக்கும். வலது கையால் ஸ்டாண்டைத் தூக்கிக்கொண்டு தொட்டிக்குள் குதித்தாள். தம்பி நிமிர்ந்து பார்த்தான், "அக்கா" என்றான். சின்ன வயதில் கூப்பிடுகிற மாதிரியே கூப்பிட்டான். அவள் அந்த இரும்புத் தட்டை அவன் காதுக்கு மேல் இறக்கினாள். அவன் விடவில்லை. இன்னொரு தடவை இறக்கினாள். மண்டை பிளந்து ரத்தம் முகமெல்லாம் வழிய, அவன் தொட்டிச் சுவரில் சாய்ந்து சரிந்தான். பிடி விட்டது.

பாட்டு அப்போதும் முழுதாக நிற்கவில்லை. பின் வரிசையில் யாரோ பாடிக்கொண்டுதான் இருந்தார்கள்.

ஒற்றைக் கையால் அவளைத் தொட்டி விளிம்புக்கு எப்படித் தூக்கினாள் என்று நர்சக்காவுக்கே தெரியாது. முகம் நீலம் பாரித்திருந்தது. மூக்கைப் பிடித்து, கிழிந்த வாயோடு வாய் வைத்து ஊதினாள். அவள் போட்ட நூலே அவள் நாக்கில் இடறியது. நெஞ்சை வலது உள்ளங்கையால் அழுத்தினாள், முறிந்த கை தொங்கி ஆட ஆட அழுத்தினாள். மறுபடி ஊதினாள். செத்துத் தொலைக்காதேடி, நான் கூட்டிக்கொண்டு வந்தேன், நான்தான் கூட்டிக்கொண்டு வந்தேன் என்று வாய்விட்டு அழுதபடி அழுத்தினாள். ஒரு விலா எலும்பு அவள் கைக்குக் கீழே முறிந்தது. அப்போதும் நிறுத்தவில்லை.

வேன்காரியின் தொண்டை கரகரத்தது. தண்ணீரும் ரத்தமுமாக வாந்தி எடுத்தாள். இருமினாள், இழுத்து ஒரு மூச்சு வாங்கினாள், அந்த மூச்சோடு ஓவென்று கத்தினாள்.

இப்போது பாட்டு நின்றது. பேக்கரிக்காரர் கடிபட்ட கையை மார்போடு அணைத்துக்கொண்டு முழங்காலில் விழுந்தார்.

"குணமாக்குற வரம்!" என்றார் தழுதழுத்து. "செத்தவள எழுப்பிட்டாங்க. நர்சக்காவுக்குக் குணமாக்குற வரம் இருக்கு. சபையே பாத்துச்சு!"

ஆமென் என்றது கூடம். போதகர் கண்ணைத் திறந்து அல்லேலூயா என்றார். சிலர் கை தட்டினார்கள், ஒருத்தி நர்சக்காவின் ஈரப் புடவையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். நர்சக்காவுக்கு வந்த ஆத்திரத்தில் அந்த மைக் ஸ்டாண்டால் அத்தனை பேர் மண்டையையும் பிளந்திருப்பாள், கையில் தெம்பு இருந்தால். அந்தப் பெண்ணின் கையைத் தட்டிவிட்டாள். க்ளினிக்கில் கற்றுக்கொண்ட வேலை இது, வரமும் இல்லை மண்ணாங்கட்டியும் இல்லை என்று கத்தினாள். ஒருத்தர் காதிலும் ஏறவில்லை.

தொட்டிக்குள்ளிருந்து தம்பியின் குரல் வந்தது. இடுப்பளவு சிவந்த தண்ணீரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். ஒரு கண் வீங்கி மூடியிருந்தது.

"அக்கா," என்றான். "அப்ப எனக்கு ஒண்ணுமே இல்லையா?"

நர்சக்கா அவனைப் பார்த்தாள். ஏதாவது ஒன்று, ஒரே ஒரு நல்ல வார்த்தை, வாய் வரைக்கும் வந்துவிட்டது. மடியில் வேன்காரி குளிர் கண்டவள் மாதிரி வெடவெடவென்று நடுங்கிக்கொண்டிருந்தாள்.

"இல்லடா," என்றாள். "உனக்கு ஒண்ணும் இல்ல."

அவன் அழ ஆரம்பித்தான். அவளும் அழுதாள், ஆனால் இறங்கிப் போய் அவனைத் தொடவில்லை. யாருடைய போனையோ பிடுங்கிப் போலீசைக் கூப்பிட்டு, என் தம்பி அவன் பெண்டாட்டியைக் கொல்லப் பார்த்தான், பார்த்த சாட்சி ஒரு சபை நிறைய இருக்கிறது, உடனே வாருங்கள், ஆம்புலன்சையும் அனுப்புங்கள் என்றாள். அதைக் கேட்டதும் பேக்கரிக்காரர் எழுந்து பையை எடுத்தார், இன்னொருத்தர் செருப்பைத் தேடினார், போதகர் எதற்கும் முதலில் ஜெபித்துவிட்டு என்று ஆரம்பித்தார்.

நர்சக்கா வேன்காரியைக் கைத்தாங்கலாகக் கதவு வரை கூட்டிக்கொண்டு போய், நிலைப்படியில் ஒருக்களித்துச் சாய்த்தாள். தானும் அவள் பக்கத்தில், கதவுக்குக் குறுக்கே, காலை நீட்டி உட்கார்ந்தாள். முறிந்த கையை மடியில் வைத்துக்கொண்டாள்.

"போறவங்க எங்க ரெண்டு பேரையும் மிதிச்சுட்டுப் போங்க," என்றாள்.

பேக்கரிக்காரர்தான் முதலில் பையைக் கீழே வைத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்தார்.